கை தட்டாத இடம்

டக்.

ஹெட்போனுக்குள் அந்தச் சத்தம் விழுந்ததும் டயானா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மாதா கோவில் மணி அடித்து ஓய்ந்து, தெரு இருட்டிவிட்டிருந்தது. மேசைமேல் லேப்டாப். பக்கத்துக் கட்டிலில் எட்டு மாதப் பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். நேற்று ராத்திரி பாடிப் பதிந்த திருவிழாப் பாட்டை அவள் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அது சும்மா கிடைத்த சாஃப்ட்வேர். தப்பிய வரியை மட்டும் திரும்பப் பாடிச் சேர்க்கிற வசதி அதில் கிடையாது. இன்ன இடத்தில் தப்பு என்று அடையாளம் வைக்கவும் வழியில்லை. டயானாவே ஓர் உபாயம் கண்டுபிடித்திருந்தாள். வரி தப்பினால் 'பட்'டென்று ஒரு கைதட்டு. உடனே அந்த வரியை மறுபடி பாடுவாள். கை தட்டிய இடத்தில் திரையில் ஓடும் சத்தக் கோடு பனைமரம் மாதிரி எழும்பி நிற்கும். அங்கே வெட்டினால் போதும்.

தானாக நிற்கவும் அதற்குத் தெரியாது. நேற்று அதை நிறுத்த மறந்து பிள்ளை பக்கத்தில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். விடியும்வரை அது பதிந்துகொண்டே இருந்திருக்கிறது.

பாட்டு முடிந்து, உப்பளம் மாதிரித் தட்டையாகக் கிடந்த கோட்டில், அவள் கை தட்டாத இடத்தில், ஒரு பனைமரம்!

அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து கேட்டாள்.

பிள்ளை சிணுங்குகிற சத்தம். மெதுவாக வருகிற காலடி. சிணுங்கல் கட்டிலைவிட்டு நகர்கிறது. டக். புறவாசல் தாழ்ப்பாள் திறக்கிறது. கதவு கிரீச்சிடுகிறது. சிணுங்கல் வெளியே போய்த் தேய்ந்து... காணோம்.

"சேசுவே!"

பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். கதகதவென்று இருந்தான். அப்படியானால் ராத்திரி தூக்கிப்போனது யார்? புருஷன் மரியான் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போன தோணியில். வீட்டில் அவளையும் பிள்ளையையும் விட்டால், மரியானின் அக்கா பிளாரன்ஸ் மட்டும்தான். புருஷனும் போய், பிள்ளையும் இல்லாமல் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள்.

"ஏளா டயானா! அந்தப் பெட்டிய மூடிட்டு வாளா. மீன் ஆறிப்போவுது" என்று அடுப்படியிலிருந்து பிளாரன்ஸின் குரல் வந்தது.

"மதினி... ராத்திரி புறவாசல் கதவைத் திறந்தீங்களா?"

கரண்டிச் சத்தம் நின்றது.

"நான் எதுக்குத் திறக்கேன்? இறால் கம்பெனில நாள் பூரா நின்னுட்டு வந்து கட்டையச் சாய்ச்சாப் போதும்னு கிடக்கேன். உன்னை மாதிரி விடிய விடியத் தூங்குத மவராசியா நானு?"

பொய். டயானாவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அனுஜா சொன்னது காதில் வந்து நின்றது. 'பிள்ளை பெறாதவ கண்ணு பொல்லாதது. எதுக்கும் பார்த்து இருந்துக்க.'

இந்த எட்டு மாதத்தில் பிளாரன்ஸ் ஒருநாளும் பிள்ளையைத் தூக்கியதில்லை. நீட்டினால்கூட, "கையெல்லாம் இறால் வாடை, அங்கிட்டுக் கொண்டு போ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படிப்பட்ட கல்நெஞ்சுக்காரி, ஊர் அடங்கிய பிறகு என் பிள்ளையை எங்கே கொண்டு போகிறாள்? யாரிடம்?

கோட்டைத் தள்ளிக்கொண்டே போனாள். வெகுதூரம் தாண்டி இன்னொரு பனைமரம் நின்றது. அதற்குச் சற்று முன்னால் நிறுத்திக் கேட்டாள்.

தூரத்தில் ஹார்பர் கப்பலின் ஊதல். ஒரு நாய். பிறகு, கதவுக்கு வெளியே, யாரோ முனகுகிற பாட்டு.

திருவிழாப் பாட்டு! டயானாவின் பாட்டேதான். சுருதி எங்கெங்கோ அலைந்தது. இரண்டாவது அடியில் டயானா வழக்கமாகத் தப்புகிற இடம் வந்ததும் பாட்டு நின்றது. பிள்ளையின் முதுகில் மெதுவாக ஒரு தட்டு. 'பட்.' திரும்ப அதே வரி.

சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேட்ட பிளாரன்ஸ், கைதட்டும் பாட்டிலேயே சேர்த்தி என்று நினைத்துவிட்டாள்!

கதவு கிரீச்சிட்டது. டக், தாழ்ப்பாள் விழுந்தது. குரல் கிட்டத்தில் வந்தது.

"அழாத ராசா. பல்லு முளைச்சா அப்படித்தான் நோவும். அம்மா தூங்கட்டும். அவளுக்குப் பாட்டை முடிக்கணும்லா?"

பிள்ளையைக் கட்டிலில் கிடத்துகிற சத்தம்.

"அம்மா முன்னால என்னையப் பாத்துச் சிரிச்சிராத, என்ன? பிள்ளை பெறாதவ தூக்குதாளேன்னு உங்கம்மா மனசு பயந்துரும்."

டயானா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். 'என் பிள்ளை ராத்திரி எழும்பவே மாட்டான்' என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தது ஞாபகம் வந்தது. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"பிடிங்க மதினி."

"ஏளா, கை வாடை..."

"இருக்கட்டும். இனிமே பனியில வெளிய கொண்டு போவாண்டாம். உள்ளேயே வச்சுப் பாடுங்க. நான் எழும்பினா எழும்பிட்டுப் போறேன்."

பிளாரன்ஸ் அவளையும் அறையில் இருந்த லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தப் பெட்டி எல்லாத்தையும் சொல்லிருமோ?"

"நிறுத்த மறந்தாச் சொல்லிரும். அப்புறம் மதினி, அந்தப் பாட்டு நடுவுல கைதட்டு கிடையாது."

"கிடையாதா? அந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது."

கண் விழித்த பிள்ளை அத்தையைப் பார்த்து, வாக்குத் தவறி, வாயெல்லாம் ஈறாகச் சிரித்தான்.

அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய், பிளாரன்ஸ் புறவாசல் கதவை உள்ளிருந்து தாழிட்டாள்.

டக்.