நேற்று ஓடிய டிராக்டர்

"இன்னைக்கும் இது ஓடலைன்னா இரும்புக்கடைக்காரர் தூக்கிட்டுப் போயிடுவார். மத்தியானம் வரச் சொல்லிட்டேன்!"

அவள் கத்தியது காதிலேயே விழாத மாதிரி மாமனாரும் கணவனும் டிராக்டருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்தில் புல் வெட்டுகிற குட்டி டிராக்டர். மாமியார் போனதிலிருந்து கொட்டகையில் கிடந்து, எலி குடித்தனம் நடத்தி, சீட்டெல்லாம் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்த வண்டி. போன வாரம் மாமனார் திடீரென்று வந்து, "டேய், கொஞ்சம் கை குடுடா. இதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடணும்" என்றார். வேலை பார்த்த ஆலையை மூடியதிலிருந்து போர்வையே கதியென்று கிடந்த அவள் கணவன், அன்றைக்குத்தான் எழுந்து சட்டை மாட்டினான்.

அன்று பிடித்தது சனி. பழைய பெட்ரோலை வடித்தார்கள். கார்புரேட்டரைக் கழற்றி அவளுடைய நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் ஊறப்போட்டார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ" என்பார்கள். கிரீஸ் கையோடு வந்து ஃபிரிட்ஜைத் திறப்பார்கள்.

"வேற வேலை தேடற வழியைக் காணோம். பழைய இரும்பைக் கொஞ்சிக்கிட்டு நிக்கறீங்க ரெண்டு பேரும்" என்று தினம் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

அதுகூடப் போகட்டும். அவளைக் குடைந்தது வேறு விஷயம்.

நேற்று சாயங்காலம் இதே வண்டி ஓடியது. அவளே கண்ணால் பார்த்தாள். டுபுடுபுவென்று புகையைக் கக்கிக்கொண்டு கொட்டகை வாசல் வரைக்கும் வந்தது. காலையில் பார்த்தால் குத்துக்கல். முந்தாநாளும் இதே கதைதான்.

"ராத்திரியில இதுக்கு என்ன காய்ச்சலா வருது?"

"பழைய வண்டி இல்லையாம்மா, சண்டித்தனம் பண்ணத்தான் செய்யும்" என்றார் மாமனார்.

"ஆமா, பண்ணத்தான் செய்யும்" என்றான் கணவன்.

அவளுக்குச் சுருக்கென்றது. இந்த இரண்டு பேரும் ஒரே பேச்சுப் பேசி அவள் கேட்டதே இல்லை.

மாமனார் குளிக்கப் போனதும், துணி உலர்த்துகிற சாக்கில் கொட்டகைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். கணவன் பிளக்குக்குப் போகிற ஒயரைப் பிடுங்கி, பிடுங்கினது தெரியாதபடி ரப்பர் மூடியை மேலாக ஒட்ட வைத்துக்கொண்டிருந்தான்.

"அட மனுஷா! நீங்கதானா அந்தக் காய்ச்சல்?"

"ஷ்ஷ்... கத்தாதே." அவன் அவளை உள்ளே இழுத்தான். "அம்மா போனதிலிருந்து அப்பா இவ்வளவு பேசி நீ பார்த்திருக்கியா? நேத்து ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இது ஒழுங்கா ஓட ஆரம்பிச்சுட்டா அவருக்கு வேலை முடிஞ்சுது. மறுபடி அந்த நாற்காலி, அந்தச் சுவர்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? நான் வேற அந்த ஆளை வரச் சொல்லிட்டேன்."

"வரட்டும். ஒயரை மாட்டி ஓட்டிக் காட்டிடறேன். ஓடற வண்டியைப் போடறதா இல்லைன்னு நீயே சொல்லி அனுப்பிடு."

இரும்புக்கடைக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, ஒரு தட்டுத் தட்டினார்.

"ஓடுமா இது?"

"இப்ப பாருங்க!" கணவன் சீட்டில் தாவி ஏறினான்.

ஈரத் தலையோடு மாமனார் ஓடி வந்தார். "டேய், இருடா. இப்ப வேண்டாம், கொஞ்சம் பொறு..."

அதற்குள் சாவி திரும்பிவிட்டது. எஞ்சின் சுற்றியது, இருமியது, அடங்கிப்போனது. மறுபடி திருகினான். மறுபடி இருமல். அவ்வளவுதான்.

கணவன் முகம் வெளுத்துவிட்டது. இறங்கி ஒயரை அழுத்திப் பார்த்தான். கச்சிதமாக மாட்டியிருந்தது. இத்தனை நாள் நடித்தவன்தான். ஆனால் இந்த முழி நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"தூக்கிடலாமாம்மா?" என்றார் இரும்புக்கடைக்காரர்.

மாமனார் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்ணே. நீங்க கிளம்புங்க" என்றாள் அவள்.

"போன்ல அவ்வளவு அவசரப்படுத்தினீங்களே?"

"அப்போ அவசரம். இப்போ இல்லை. கேட்டைச் சாத்திட்டுப் போங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். "எப்படி ஓடாமப் போகும்? எப்படி?" என்று தனக்குத்தானே கேட்டபடி கணவன் ஸ்பேனர் எடுக்க வீட்டுக்குள் ஓடினான். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக்கொண்டு.

அவளுக்கும் அதே கேள்விதான். குனிந்தாள். எஞ்சினுக்குக் காற்றுப் போகிற டப்பாவின் மூடி ஓரத்தில் நீலக் கட்டம் போட்ட துணி முனை ஒன்று எட்டிப் பார்த்தது. பிடித்து இழுத்தாள். சுருட்டி அடைத்திருந்தது முழுசாகக் கையோடு வந்தது.

ஒரு வாரமாகத் துவைக்கிற துணியில் அவள் தேடிக்கொண்டிருந்த மாமனாரின் கைக்குட்டை.

நிமிர்ந்தாள். மாமனார் வீட்டு வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரகசியக் குரலில் சொன்னார்:

"எடுத்த இடத்துலயே வெச்சிடும்மா. இது ஓடிட்டா அவன் மறுபடி போய்ப் படுத்துக்குவான்."