ஏணிமேல் வக்கீல்

பட்டப்பகலில், கறுப்புக் கோட்டைக் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு பின்பக்கச் சுவரேறி உள்ளே இறங்கினார் அந்த மனிதர். பார்த்தவர்கள் திருடன் என்றுதான் நினைத்திருப்பார்கள். பாவம், அவர் வக்கீல்.

"பார்த்தீங்களா சார்? நீங்க வாங்கச் சொன்ன வீட்டுக்கு இதுதான் வாசல்," என்றான் ஏணியைப் பிடித்திருந்த மெக்கானிக். "ஒரு வாரமா இப்படித்தான் ஏறி இறங்கறோம்."

வீட்டுக்கு முன்னால், தெருவுக்குப் போகும் சந்தின் குறுக்கே புத்தம்புதுச் சுவர் நின்றது. சந்து தன்னுடையது என்று பக்கத்து வீட்டுக்காரர் கட்டிவிட்டார். 'வில்லங்கம் இல்லை, சந்து பொதுப்பாதை' என்று பத்திரம் பார்த்து எழுதிக் கொடுத்தவர் நம் வக்கீல். அதை நம்பித்தான் மெக்கானிக் வீட்டை வாங்கினான்.

உள்ளேயிருந்து அவன் மனைவி மெல்ல நடந்து வந்தாள். நிறைமாதம்.

"எனக்கு வலி வந்தா என்ன சார் பண்றது? மூட்டை மாதிரி சுவருக்கு மேல தூக்கிப் போடுவாங்களா?"

வக்கீல் பின்பக்கச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். வந்த வழியே ஓடிவிடலாமென்றால் ஏணி மெக்கானிக் கையில் இருந்தது.

"இடத்தை நேர்ல வந்து பார்த்தீங்களா, இல்லையா?"

"அது என் வேலை இல்ல தம்பி. தரகர் பேப்பரைக் கொண்டு வருவார், படிச்சுக் கையெழுத்துப் போடுவேன். தினம் எத்தனை பேருக்குப் பார்க்கிறேன்! ஒருத்தர் முகம்கூட ஞாபகம் இருக்காது."

"அப்போ வக்கீல் சங்கத்துல புகார் குடுக்கறேன். உங்க போர்டையே கழட்ட வைக்கறேன்!"

"அவசரப்படாதே! அந்தப் பக்கத்து வீட்டு ஆளுக்கு எவனோ தப்பா சொல்லிக் குடுத்திருக்கான். நானே பேசறேன்."

ஏணி முன்பக்கம் வந்தது. வக்கீல் ஏறிப் புதுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். அந்தப் பக்கம் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

"அட, வக்கீல் சார்! என்ன சார் இங்கே?"

"விசாரிப்பெல்லாம் அப்புறம். சுவரை இன்னிக்கே இடிங்க. இது பொதுப்பாதை."

அவர் திருதிருவென்று விழித்தார். "என்ன சார் இப்படிச் சொல்றீங்க? பத்திரத்தைக் காட்டி, எனக்கே சொந்தம்னு எழுதி வாங்கின பிறகுதானே கட்டினேன்?"

"எழுதினவன் பத்திரத்தைப் படிச்சானா, பராக்குப் பார்த்தானா? அவனைச் சும்மா விடாதீங்க! கட்டின செலவு, இடிக்கிற செலவு, இந்தப் பொண்ணு படற பாடு, எல்லாத்தையும் அவன் தலையில கட்டுங்க. கேஸை நானே நடத்தறேன்!"

"அப்படிப் போடுங்க சார்!" என்று ஏணியடியில் மெக்கானிக் குதித்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார்... எழுதிக் குடுத்ததே நீங்கதானே!"