வீட்டுக்காரர் அட்டை

பகல் பதினொரு மணிக்குள் அவள் புருஷனைச் சாகடித்தாக வேண்டும். மாரடைப்பா, மூளையில் ரத்தக்கசிவா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

"மாரடைப்பே போடு. நமக்குப் பழகின வியாதி" என்றான், கட்டிலில் சாய்ந்திருந்த அந்தப் புருஷன், ஒரு தையல்காரன். சொல்லிவிட்டுச் சிரித்தவனுக்கு மூச்சு வாங்கியது.

"வாயைக் கழுவுங்க! இது வெறும் பாடம்" என்று அதட்டினாள்.

துணி வெட்டும் மேஜையில், கத்தரிக்கோலுக்கும் இஞ்சு டேப்புக்கும் நடுவே லேப்டாப். மூன்று மாதமாக வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் மெடிக்கல் பில்லிங் படிக்கிறாள். நோயையும் வைத்தியத்தையும் எண்களாக மாற்றி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பும் வேலை அது. புருஷன் இனி மெஷினை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன வாரமே சேர்ந்துவிட்டாள். கட்டணம் கிடையாது, ஆதார் நகல் கொடுத்தால் போதும் என்றதும் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

இன்னும் பத்து நாளில் அவனுக்கு இதய ஆபரேஷன். தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆபரேஷன் செலவோ இறப்புப் பணமோ, எதுவானாலும் தரும் இன்சூரன்ஸ் அட்டை கையில் இருக்கும் ஒரே தைரியத்தில்தான் இருவரும் தூங்கினார்கள்.

பாடம் நடத்தும் மேடம் முகம் காட்டுவதே இல்லை. குரல் மட்டும் தேனாக ஒழுகும். "நோயாளி விவரம் ரகசியம்மா. அடுத்தவங்க அட்டையைத் தொடவே கூடாது. உங்க வீட்டுக்காரர் அட்டையை வெச்சுப் பழகுங்க." இதுதான் முதல் நாள் பாடம். என்ன நேர்மை என்று இவள் உருகிப்போனாள்.

அப்படித்தான் திரையில் தையல்காரனுக்குக் கால் முறிந்தது. அடுத்த வாரம் ஒரு கிட்னி போனது. "டாக்டரம்மா, இன்னைக்கு எனக்கு என்ன வந்திருக்கு?" என்று அவனும் தினமும் குஷியாகக் கேட்பான்.

இன்று கடைசிப் பாடம், மரணம். கட்டங்களை நிரப்பினாள். இறந்த தேதி என்ற இடத்தில் முந்தின நாளைப் போட்டு, மனைவி என்ற இடத்தில் கையெழுத்திட்டாள். அனுப்பிய மறு நிமிடமே தேன்குரல் வந்தது.

"ஒரு பிழைகூட இல்லம்மா. இனி உங்களுக்குப் பாடமே தேவையில்லை!"

பத்தாம் நாள் காலை. சக்கர நாற்காலியில் அவனைத் தள்ளிக்கொண்டு போய், ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் அட்டையை நீட்டினாள். கவுன்ட்டர்காரர் எண்ணைத் தட்டினார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு முறை தட்டினார்.

"இந்த அட்டை செல்லாதும்மா. இதுக்கு உரியவர் இறந்துட்டாரே."

"ஐயோ, அது பாடங்க! நான் படிக்கிறதுக்காக எழுதினது!"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதே கட்டங்கள். அதே கையெழுத்து. "இறப்புப் பணம்கூட உங்க பேருல வாங்கியாச்சே."

மேடத்துக்குப் போன் போட்டாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

தையல்காரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்தான். கவுன்ட்டர்காரர் எழுந்து நின்று, அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கை மெல்ல போலீஸ் எண்ணுக்குப் போனது.

"அப்போ, இவரு யாரும்மா?"