ஜன்னல் விளிம்பில் ஒரு சிரிப்பு

"வாயைத் திற. அவ்வளவுதானா? சபையில திறக்கற மாதிரி பெரிசாத் திறடி!"

டாக்டர் அதட்டினாள். நாற்காலியில் சாய்ந்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைவாய்ப் பல் சிரிக்க விடவில்லை. பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. அன்றைக்குத் தான் வைத்த 'வாயாடி' என்ற பட்டப்பெயர்தான் இவளைத் தேர்தலில் நிற்கவைத்து, சபை உறுப்பினராகவும் ஆக்கியது என்று டாக்டர் இன்றைக்கும் பீற்றிக்கொள்வாள்.

ஈறில் ஊசி இறங்கியது. மூக்கின்மேல் மயக்க வாயுவின் மெல்லிய குழாய் வந்து உட்கார்ந்தது.

"கொஞ்சம் மிதக்கற மாதிரி இருக்கும். பயப்படாதே."

மிதந்தது. ஜன்னல் கண்ணாடியில் மதிய வெயில் பாலாகப் பரவியிருந்தது. விளிம்பில், வெள்ளை மாவில் வார்த்த பல்வரிசைகள் ஈரம் காய்ந்துகொண்டிருந்தன. முகமில்லாத சிரிப்புகள். பல்லுக்குக் கம்பி கட்டப்போகும் பள்ளிப் பிள்ளைகளுடையதாக இருக்கும்.

"பையன்கிட்டேருந்து ஃபோன் வந்துதா?" என்றாள் டாக்டர்.

"ரெண்டு நாளா இல்லை. பட்டாளத்து முகாம்ல சிக்னல் கிடைக்காது."

"ம்... சாயங்காலம் ஓட்டெடுப்பாமே. என்ன சொல்லப் போறே?"

"தெரியலை. ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி. என் ஒரு ஓட்டுலதான் இருக்குன்னு ஆளாளுக்கு உயிரை எடுக்கறாங்க."

"கடல் தாண்டி எங்கேயோ நடக்கற சண்டை. இன்னும் ஆள் அனுப்பினா முடிஞ்சுடுமா?"

"மழைக்கு முன்னாடி முடிச்சுடுவேன்னு தளபதி சொல்றார்."

"எந்த வருஷத்து மழைக்கு? போன தடவை அனுப்பினப்பவும் இதே மழையைத்தானே சொன்னார்?"

"கிண்டல் பண்ணாதே. அங்கே இருக்கறவங்க ஆள் பத்தாமத்தான் சாகறாங்க. அவங்களை அம்போன்னு விட்டுடச் சொல்றியா?"

டாக்டர் ஒரு கம்பியால் பல்லை மெல்லத் தட்டினாள்.

"ஆ! உயிர் போகுது. இன்னொரு ஊசி போடேன்."

"போட்டதே பிடிக்கலையே. உள்ளே சீழ் கட்டியிருக்கு. அந்த இடத்துல மருந்து வேலை செய்யாது. மேல மேல குத்தினா ஈறுதான் புண்ணாகும். முதல்ல சீழை வெளியே விடணும்."

"நீ பல்லைப் பத்திப் பேசறியா, சண்டையைப் பத்திப் பேசறியா?"

"நான் பல் டாக்டர். எனக்குச் சண்டையைப் பத்தி என்ன தெரியும்?"

வழக்கமான குறும்பு அந்தக் குரலில் இல்லை. முகத்தைத் தட்டின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அனுப்புவது என்று முடிவானால், போகிற கூட்டத்தில் வாயாடியின் மகனும் உண்டு. சபையில் எல்லோருக்கும் அது தெரியும். அதனாலேயே 'அனுப்பலாம்' என்று சொல்லிவிட அவள் துடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டாள் என்று நாளைக்கு ஒருவரும் பேசிவிடக் கூடாது. தாய் என்ற கறை படாத ஓட்டாக இருக்க வேண்டும். இத்தனை நாளும் அது நேர்மையாகத்தான் தெரிந்தது. இப்போது, உடம்பு எடையிழந்து கிடக்கையில், வெறும் வீறாப்பாகத் தெரிந்தது.

ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு சிரிப்பு அவளையே பார்த்தது. எங்கிருந்தோ மகன் வந்துவிட்டான். பத்து வயது. சைக்கிளிலிருந்து விழுந்து, முன்பல் சரிவாக உடைந்து, ரத்த வாயோடு இளிக்கிறான். உடைந்ததை ஒட்டவைத்துக்கொள்ளச் சொல்லி எவ்வளவு கெஞ்சினாள்! ஊசிக்குப் பயந்து இந்த டாக்டர் அத்தையின் வாசற்படியைக்கூட அவன் மிதித்ததில்லை.

"இருக்கட்டும்மா. கூட்டத்துல நான் தொலைஞ்சுபோனா இதை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம்."

மருந்து எதை எங்கிருந்து எடுத்துவருகிறது என்று வியந்தபடியே கண்ணை மூடினாள்.

சீழ் வடிந்து வலி விட்டது. கொஞ்ச நேரத்தில் தட்டில் பல் விழுந்த சத்தம் கேட்டது.

"பஞ்சைக் கடிச்சுக்கோ. வாயாடி வாயை மூடிக்கிட்டிருக்கற அதிசயத்தை ஃபோட்டோ எடுத்து மாட்டணும்."

அவள் குழாயைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். மரத்த நாக்கு தடுக்கியது. ஆனாலும் சொன்னாள்.

"வேண்டாம்னு சொல்லப் போறேன்."

"என்னது?"

"இனிமே ஒருத்தரையும் அனுப்ப வேண்டாம். ஊரான் பிள்ளைக்காகவும்தான், என் பிள்ளைக்காகவும்தான். அம்மான்னு சொல்லிக்கறதுல எனக்கு என்ன வெட்கம்? பேசறவங்க பேசிட்டுப் போகட்டும்."

சொன்னதும் நெஞ்சு பஞ்சாகிவிட்டது. ஜன்னலருகே போய் நின்று, வெயிலில் வெதுவெதுப்பாக இருந்த ஒரு பல்வரிசையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஏன்டி பேயடிச்ச மாதிரி நிக்கறே? இதைத்தானே நீ எதிர்பார்த்தே? அது சரி, யார் வீட்டுப் பிள்ளைங்க இதெல்லாம்? கம்பி கட்டவா?"

டாக்டர் கையுறைகளைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக, மெதுவாக.

"வெளியே மூச்சு விடக் கூடாதுன்னு உத்தரவு. எவ்வளவு நேரம்தான் உன்கிட்ட மறைப்பேன்? முகாம்லேருந்து அச்சு எடுத்து அனுப்பினாங்க, வார்த்துக் குடுக்கச் சொல்லி. பேர் கிடையாது, நம்பர்தான். முகம் தெரியாமத் திரும்பி வந்தா, பல்லை வச்சு அடையாளம் பார்க்கறதுக்காம்."

"ஓட்டெடுப்பே இன்னும் நடக்கலையே!"

"அவங்க நேத்தே கப்பல் ஏறிட்டாங்கடி."

கையிலிருந்த வெள்ளைச் சிரிப்பின் முன்பல்லில், அந்தச் சரிவை அவளுடைய கட்டைவிரல் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தது.