தினம் ஒரு மில்லிமீட்டர்

“ஒண்ணு விடாம சொல்லுங்க டாக்டர்” என்றாள் தாய்.

இருபது நாள் குழந்தை குப்புறப் படுத்திருந்தது. மூக்கில் பால் குழாய்.

“தாடை சின்னதா இருக்கறதால நாக்கு பின்னால சரிஞ்சு மூச்சை அடைக்குது. தாடை எலும்பை ரெண்டு பக்கமும் வெட்டி ஒரு கருவி வைப்போம். தினம் ஒரு மில்லிமீட்டர் திருகினா தாடை முன்னால வளரும்.”

“நரம்புல கத்தி பட்டுட்டா?”

“படாம பாத்துக்குவோம்.”

“பட்டா?”

“உதடு மரத்துப் போகலாம்.”

“போதும்மா, வக்கீல் மாதிரி குடையாதே” என்றான் கணவன்.

“பெத்தவ கேக்காம யார் கேப்பா? டாக்டர், அப்புறம் வாயால பால் குடிப்பாளா?”

“பெரும்பாலும் குடிச்சிடுவாங்க.”

“மத்தவங்களை விடுங்க. என் பொண்ணு குடிப்பாளா?”

டாக்டர் சம்மதப் படிவத்தை நீட்டினார். அவள் பேனாவை எடுத்தாள். கையெழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியது.

டாக்டர் தயங்கினார். “மேடம், இதே ஆபரேஷனை நாப்பது குழந்தைங்களுக்கு நீங்க பண்ணியிருக்கீங்க. உள்ள வந்து பக்கத்துல நின்னீங்கன்னா எனக்கும் தைரியமா இருக்கும்.”

“வேண்டாம். உள்ள வந்தா என் கை சும்மா இருக்காது. இன்னைக்கு நான் வெறும் அம்மா. வெளியில உக்காந்துக்கறேன்.”

ஆபரேஷன் முடிந்த பதினைந்தாம் நாள் மகள் குழாய் இல்லாமல் முப்பது மில்லி பால் குடித்தாள். நாற்பது தாய்மார்கள் அழுததைத் தள்ளி நின்று பார்த்திருந்தவள், நர்ஸின் தோளில் முகம் புதைத்து அழுதாள்.