வீட்ல போட்ட பெட்ரோல்

பல் டாக்டரின் பழைய எட்டு சிலிண்டர் கார் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூடத் தராது. அவர் மனைவி அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை அவளே ஓட்டிப் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தாள். "வயிறு முட்டக் குடிச்சிருக்கா. ஒரு வாரத்துக்குத் தொந்தரவு பண்ண மாட்டா" என்று சாவியைக் கொடுத்தாள். மாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

அதன் பிறகு பெட்ரோல் முள் இறங்கவே இல்லை. டாக்டர் தினமும் பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த கிளினிக்குக்குப் போய்வந்தார். மூன்றாவது வாரம் மெக்கானிக்கிடம் காட்டினார். முள்தான் பழுது என்று நினைத்த மெக்கானிக், டேங்கைத் திறந்து பார்த்தார். விளிம்பு வரை பெட்ரோல் நின்றது.

"இப்பதான் போட்டீங்களா சார்?"

"எங்க வீட்ல போட்டாங்க" என்றார் டாக்டர்.

ஏழு மாதம் அப்படியே ஓடியது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. பெட்ரோல் பங்கைக் கடக்கும்போது மட்டும் வேகத்தைக் கூட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிக்னலில் நின்றபோது, முள் ஒரு நூல் அளவு இறங்கியிருப்பதைப் பார்த்தார். உடனே இன்ஜினை அணைத்தார். பச்சை விழுந்தும் கிளம்பவில்லை. பின்னால் நின்ற வேன் டிரைவர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார்.

"என்ன சார், பெட்ரோல் தீர்ந்துடுச்சா?"

"இல்லைங்க. இப்பதான் குறைய ஆரம்பிச்சிருக்கு" என்றார் டாக்டர். "கொஞ்சம் தள்ளி விட முடியுமா? வீடு வரைக்கும்."