ஆறு மாதச் சான்று

பெற்றோர் இல்லாத மாணவர்களுக்கு விடுதி அறை இலவசம் என்று பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த அமலிக்கு அந்த அறையை விட்டால் போக்கிடம் கிடையாது. நான்காவது செமஸ்டரிலும் அவள் விடுதி அலுவலகத்தில் அதே மேசைக்கு முன் நின்றாள்.

"இந்த ஆதரவற்றோர் சான்றிதழ் பழசும்மா. ஆறு மாசந்தான் செல்லும்," என்றார் எழுத்தர் சகுந்தலா.

"அதுக்குள்ள என்ன மேடம் மாறிடும்?"

"நடுவுல உனக்குன்னு யாராச்சும் வந்திருந்தா? நான் என்னத்தக் கண்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள புதுசு குடுக்கலேன்னா ரூம் வேற பொண்ணுக்குப் போயிரும், பாத்துக்க."

இரண்டு பேருந்து மாறி, இல்லம் இருக்கும் ஊரின் கிராம நிர்வாக அலுவலரிடம் போனாள். அவர் முத்திரையை மையில் ஒற்றி எடுத்துக்கொண்டு, தலை நிமிராமல் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இதுவரைக்கும் ஒன்னத் தேடி யாரும் வரலதானே?"

முன்பு மூன்று முறையும் உடனே "வரல சார்" என்றவள், இந்த முறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கையிலிருந்த முத்திரையில் மை காய்ந்துகொண்டிருந்தது.